நாப்பத்தொண்ணாம் நம்பர் வில்லை

புகார் புத்தகமா? தாராளமாக் குடுக்கலாம் சார். எழுதுறதுக்குத்தான வச்சிருக்கு. ஆனா அது மாயன் பையில இருக்கு, மாயன் சாப்பிடப் போயிருக்கான். இங்க வாட்சரு. அரை மணி நேரத்துல வந்துருவான். அதுவரைக்கும் அந்தப் பெஞ்சுல உக்காருங்க. உக்காருங்க சார், பெஞ்சுக்குக் காசு கிடையாது.

கோவிச்சுக்கிறாதீங்க. நீங்க கேட்டது தப்புன்னு நான் சொல்ல வரல. காடு பொது, மலை பொது, அருவி பொது, நடக்குறதுக்கு எதுக்கு முப்பது ரூவான்னு கேக்குறீங்க. மாசத்துக்குப் பத்துப் பேரு கேக்குறாக. போன வாரம் ஒரு வக்கீலு வந்தாரு. போன்ல எதையோ எடுத்து வச்சுக்கிட்டு இத்தனாம் பிரிவு, அத்தனாம் பிரிவுன்னு வாசிச்சாரு. நானும் நின்னு கேட்டேன். வாசிச்சு முடிச்சதும், "சரிங்க சார், எத்தன டிக்கெட்டு?"ன்னேன். அவரு சம்சாரம் சிரிச்சிருச்சு. மூணு டிக்கெட்டு வாங்கிட்டுப் போனாரு.

நான் கறாரு. ஊருக்கே தெரியும். மேலக்காமனூர்ல போயி, கேட்டுல டிக்கெட்டுக் கிழிக்கிற பவுன்தாய் எப்பிடின்னு கேட்டுப் பாருங்க. நல்லதா நாலு வார்த்தை சொல்ல மாட்டாக. அதுக்காக ஒத்த ரூவா நான் தனியா வாங்குனேன்னு எவனும் சொல்ல முடியாது. வர்ற காசு வனக்குழுவுக்குப் போகுது. மாயன் சம்பளம், இன்னொரு வாட்சர் சம்பளம், வழுக்குப்பாறையில கட்டியிருக்கிற கயிறு, இந்தா இந்தக் கக்கூசு, எல்லாம் அதுலதான். எனக்கும் அதுலதான் சம்பளம். மறைக்கல, சொல்லிட்டேன்.

ஆனா உங்கள நான் மறிச்சது காசுக்கில்ல சார். வில்லைக்கு.

டிக்கெட்டு வெறும் காகிதம். அந்தா வளைவு தாண்டுனதும் பாதிப்பேரு கசக்கிப் போட்டுருவாக. டிக்கெட்டோட ஒரு தகர வில்லை குடுப்பேன், ரெண்டு ரூவாத் துட்டவிடக் கொஞ்சம் பெரிசு, நம்பர் அடிச்சிருக்கும். மொத்தம் அறுபது. இந்த டிக்கெட்டு ரூமுக்குள்ள ஒரு பலகையில அறுபது ஆணி அடிச்சு மாட்டியிருக்கோம். நீங்க மேல போறப்ப உங்க நம்பர் வில்லைய எடுத்துக் குடுப்பேன், ஆணி காலியா இருக்கும். இறங்கி வந்து வில்லையக் குடுத்தா, திரும்ப மாட்டிருவேன். சாயங்காலம் அஞ்சரைக்குப் பலகையப் பாத்தா போதும். ஆணி காலியா இருந்தா ஆளு மேல இருக்கு. பலகை நெறஞ்சிருந்தா மாயன் மூணு விசில் ஊதுவான். நான் சங்கிலியப் போட்டுப் பூட்டிருவேன். எழுதப் படிக்கத் தெரியாதவுக பாத்தாக் கூடப் புரியும். ரேஞ்சர் ஐயாவே பாத்துட்டு, இது யாரு யோசனைன்னு கேட்டாரு. என் யோசனைதான்.

உள்ளூர்க்காரங்களுக்கு டிக்கெட்டு கிடையாது. வில்லை மட்டும் வாங்கிட்டுப் போகணும். அது ரூலு. ஆனா எங்க ஊருக்காரங்களப் பத்தி உங்களுக்குத் தெரியாது. வெறகுக்குப் போறவ, சீமாத்துக்குப் புல்லு அறுக்கப் போறவ, எல்லாரும் சிரிப்பாக. "என்னடி பவுனு, எங்களுக்கும் மாட்டுக்குக் கட்டுற மாதிரி வில்லை கட்டுறியா?"ம்பாக. சில பேரு வாங்குவாக, சில பேரு வாங்க மாட்டாக. நானும் விட்டுட்டேன். பெரிய மனசோடதான் விட்டேன். சொந்தக்காரங்கள மறிச்சு நிக்க வச்சு நம்பரு போட்டா நல்லாவா இருக்கும்?

அப்பிடித்தான் எங்கண்ணனையும் விட்டேன்.

சடையாண்டின்னு பேரு. கூடப் பொறந்தது நாங்க ரெண்டே பேரு. நீங்க நடக்கணும்னு வந்திருக்கீங்களே, இந்தப் பாதை, இது எங்கண்ணே வெட்டுனது. மெய்யாத்தான் சொல்றேன். முன்னால இங்க ஆடு போற தடந்தான் இருந்துச்சு. அண்ணே இருபது வயசுலருந்து அருவாளும் கையுமா வெட்டி வெட்டி, கல்லப் புரட்டிப் போட்டு, அருவி வரைக்கும் பாதை ஆக்கிருச்சு. வெளியூர்லருந்து வர்றவுகளக் கூட்டிட்டுப் போகும். இவ்வளவுன்னு கேக்காது. குடுத்தா வாங்கிக்கிரும், குடுக்கலேன்னாலும் அடுத்த ஆளக் கூட்டிட்டுப் போயிரும். பொழைக்கத் தெரியாத மனுசன்.

ரெண்டரை வருசத்துக்கு முன்னால ஃபாரஸ்ட்டுல வனக்குழு போட்டு, கேட்டு வச்சாக. கூட்டத்துல எங்கண்ணே எந்திரிச்சு, "நான் வெட்டுன பாதைக்கு டிக்கெட்டுக் கிழிக்கிறவன் எவன்னு நானும் பாக்குறேன்"னு சொல்லுச்சு. எல்லாரும் கை தட்டுனாக. நானும் தட்டுனேன். மறு வாரம், டிக்கெட்டுக் கிழிக்க ஒரு பொம்பள வேணும், மாசம் ஒம்பதாயிரம்னு சொன்னாக. எங்க வீட்டுக்காரரு போயிச் சேந்து அப்ப நாலு வருசம். பொம்பளப் பிள்ள ஒண்ண வச்சுக்கிட்டு நான் என்ன சார் செய்வேன்? கையெழுத்துப் போட்டேன். அண்ணனக் கேட்டுட்டுப் போட்டிருக்கலாம்னு எங்க மதினி, அண்ணன் சம்சாரம், சொல்லுச்சு. கேட்டா வேணாம்னு சொல்லும். வேணாம்னு சொன்னப்பறம் போட்டா அது இன்னும் பெரிய தப்பு. அதனாலதான் கேக்காமப் போட்டேன். நான் சொல்றது சரிதான சார்?

அன்னையிலருந்து பேச்சு வார்த்தை கிடையாது.

அது கூடப் பொறுத்துக்குவேன். என் மக யோகஸ்ரீ பெரியவளானா. சடங்கு வச்சோம். தாய்மாமன் சீரு இல்லாம ஒரு பிள்ளைக்குச் சடங்கு உண்டுமா? மாமன் கொண்டாந்த சேலையக் கட்டித்தான் மனையில உக்காத்தணும். எங்கண்ணே வரல. ஊரு முழுக்க வந்து உக்காந்திருக்கு, மாமன் வரல. எங்க சித்தப்பா மகன் ஓடிப்போயிக் கடையில ஒரு சேலைய எடுத்துட்டு வந்தான். என் பிள்ள அழுத அழுகைய நான் மறக்க மாட்டேன். என்னயப் பழி வாங்கு, பிள்ள என்ன செஞ்சுச்சு?

கூப்பிட்டியான்னு கேக்குறீங்களா? கூப்பிடாம இருப்பனா? பத்திரிகை அடிச்சு மொதப் பத்திரிகை அண்ணனுக்குத்தான். மாயன்கிட்டக் குடுத்து விட்டேன்.

என்ன சார் பாக்குறீங்க? வெத்தல பாக்குத் தட்டோட நேர்ல போயிக் கூப்பிடணும், மாமன் வீட்டுக்கு ஆள்கிட்டப் பத்திரிகை குடுத்து விடக் கூடாது, அதான? எங்க மதினியும் அதைத்தான் சொல்லுச்சு. ஞாயித்துக்கெழம இங்க எம்புட்டுக் கூட்டம் தெரியுமா? வேலையப் போட்டுட்டு எப்பிடிப் போறது?

சரி, விடுங்க. கதைக்கு வாறேன்.

அண்ணே அதுக்கப்பறமும் காட்டுக்கு வரும். வாரத்துக்கு ரெண்டு தடவ, மூணு தடவ. அருவாளத் தோள்ல போட்டுக்கிட்டு இந்தா இந்த வழியாத்தான் போகும். மழை பேஞ்சா உண்ணிச்செடி பாதைய மூடிரும், அத வெட்டி விடும். யாரு கேட்டா அத? சம்பளம் கிடையாது, ஒண்ணும் கிடையாது. வாட்சருங்க இருக்காக, அவுக வெட்டுவாக. ஆனா போகும். கேட்டுக்கிட்ட வந்ததும் மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிரும். நான் இந்தப் பக்கம் திருப்பிக்குவேன். ஒருநாளும் அதை நிறுத்தி வில்லை வாங்கிட்டுப் போன்னு நான் சொன்னதில்ல. அதுக்கு அவமானமா இருக்கும்ல? அதை யோசிச்சுத்தான் சொல்லல. வேற ஒண்ணும் இல்ல.

போன ஐப்பசி. மூணு நாளு மழை பேஞ்சு, ஞாயித்துக்கெழம வெறிச்சு வெயிலடிச்சுச்சு. சனம் சாரை சாரையா வந்துருச்சு. மதுரையிலருந்து ஒரு வேன், திண்டுக்கல்லுலருந்து ரெண்டு வேன். அன்னிக்கு மொத்தத்துல அறுபது வில்லையில அம்பத்தெட்டு போயிருச்சு. நான் டிக்கெட்டுக் கிழிக்கிறேன், சில்லறை பொறுக்குறேன், பாட்டில் கொண்டு போகாதீங்கன்னு கத்துறேன். ஒம்பது ஒம்பதரை இருக்கும். அண்ணே வந்துச்சு.

அன்னிக்கு அது நேராப் போகல சார். இந்தா, இந்தச் சன்னல்கிட்ட வந்து நின்னுச்சு. சன்னல் பலகை மேல கைய வச்சுச்சு. நான் கையத்தான் பாத்தேன். சுண்டு விரல்ல பாதி இருக்காது, சின்னப் பிள்ளையில கரும்பாலையில போயிருச்சு. அந்தக் கைதான். நான் டிக்கெட்டு புக்கப் பாத்துக்கிட்டே இருந்தேன். கூட்டம் சார். வேன்காரன் இருபத்தி மூணு டிக்கெட்டு கேட்டு நிக்கிறான். ஒரு டிக்கெட்டுக் கிழிச்சேன், இன்னொண்ணு கிழிச்சேன். கை அங்கயே இருந்துச்சு. அப்பறம் பாத்தா இல்ல.

தண்ணி கேக்க வந்திருக்கும்னு நெனச்சேன். குடம் வெளியதான இருக்கு, எடுத்துக் குடிச்சுக்கிட்டுப் போகட்டும்னு விட்டேன்.

மத்தியானத்துக்கு மேல மறுபடி இருட்டிக்கிட்டு வந்துச்சு. எல்லாரும் அவசர அவசரமா எறங்கி வந்தாக. வில்லையெல்லாம் வாங்கி வாங்கி மாட்டுனேன். அஞ்சே காலுக்கெல்லாம் அம்பத்தெட்டும் வந்துருச்சு. பலகை நெறஞ்சிருச்சு. சந்தோசமா இருந்துச்சு சார், சொன்னா நம்ப மாட்டீங்க. அம்புட்டுக் கூட்டத்துலயும் ஒண்ணு தவறல. மாயன் மூணு விசில் ஊதுனான். பூட்டிட்டுப் போயி மாவு ஆட்டுனேன்.

மறுநாக் காலையில ஆறு மணிக்கு வந்து கேட்டத் தொறக்குறேன், எங்க மதினி சிவனம்மா ஓடி வருது. தலை கலைஞ்சு, ஒத்தக் கால்ல செருப்பு இல்லாம. "பவுனு, உங்கண்ணே நேத்துப் போனவரு வரல பவுனு"ங்குது. சில நாளு மேல எலுமிச்சைத் தோட்டத்துல தங்கிரும், அப்பிடின்னு நெனச்சு விடிய விடியப் பாத்திருக்கு. விடியக்காலம் தோட்டத்துக்காரரு போன் பண்ணி, இங்க வரலியேன்னு சொல்லியிருக்காரு.

நான் அப்ப என்ன செஞ்சேன் தெரியுமா சார்? இதை நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. மாயனுக்குத் தெரியும், அவன் பக்கத்துல நின்னான். நான் திரும்பிப் பலகையப் பாத்தேன். பாத்துட்டு, "இல்ல மதினி, பலகை நெறஞ்சிருக்கு, மேல யாரும் இல்ல"ன்னேன்.

வாயில அதுதான் வந்துச்சு. கண்ணால பாத்தேன் நான். அந்தக் கையப் பாத்தேன். மேல போனது தெரியும். ஆனா பலகை நெறஞ்சிருக்குன்னு சொன்னேன். மதினி என்னய அப்பிடியே பாத்துச்சு. அப்பறம் என்னயத் தள்ளிட்டு மேல ஓடுச்சு.

மத்தியானம் பன்னெண்டு மணிக்குக் கண்டுபிடிச்சாக. சனமெல்லாம் எறங்குனப்பறம் மூணாவது திருப்பத்துல ஒரு மரம் குறுக்க விழுந்திருக்கு. அதை வெட்டி அப்புறப்படுத்த நின்ன எடத்துல மண்ணு சரிஞ்சு, அண்ணே கீழ ரெண்டு பாறைக்கு நடுவுல. இடது காலு முழங்காலுக்குக் கீழ ரெண்டு எடத்துல போயிருச்சு. ராத்திரி பூராவும் மழையில கெடந்திருக்கு. போர்வையில போட்டு நாலு பேரு தூக்கிட்டு வந்தாக. இந்தக் கேட்டு வழியாத்தான் தூக்கிட்டுப் போனாக. கண்ணு தொறந்துதான் இருந்துச்சு. நான் சங்கிலியப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.

ஆசுபத்திரியில போலீசு வந்து கேட்டப்ப அண்ணே சொல்லியிருக்கு. "அஞ்சு அஞ்சேகாலுக்கு விசில் கேட்டுச்சு. மூணு விசில். எம் தங்கச்சி பூட்டிட்டாள்னு தெரிஞ்சிருச்சு. அதுக்கப்பறம் நான் கத்தல"ன்னு.

கத்தலையாம் சார். கத்தியிருந்தா நாங்க இங்க இருந்தோம். சங்கிலி போட்டு, பூட்டு மாட்டி, குடத்தக் கவுத்தி வச்சு, நாங்க கெளம்பப் பத்து நிமிசம் ஆச்சு. மூணாவது திருப்பத்துலருந்து கத்துனா நல்லாக் கேக்கும். ஏன் கத்தலேன்னு நான் மாயன்கிட்ட எத்தனையோ தடவ கேட்டுட்டேன். நீங்க படிச்சவரு, நீங்க சொல்லுங்க. கத்தியிருக்கலாம்ல?

ஊர்ல என்னயக் காறித் துப்புனாக. கண்ணு முன்னால போன அண்ணன ஞாபகம் வச்சுக்க உனக்குத் தகரம் வேணுமாடின்னு எங்க சித்தி சந்தையில வச்சுக் கேட்டா. வில்லை வாங்கியிருந்தா இப்பிடி ஆகியிருக்குமா? அதை ஒருத்தரும் கேக்கல. அன்னையிலருந்துதான் நான் கறாரு. உள்ளூரு, வெளியூரு, எம் மக போனாலும் வில்லை. ரேஞ்சர் ஐயா வந்தாலும் வில்லை. புல்லுக்குப் போற கெழவி என்னயத் திட்டிக்கிட்டே வாங்கிட்டுப் போறா. திட்டட்டும்.

ஆசுபத்திரிக்குப் போனியான்னுதான கேக்க வாறீங்க? போனேன் சார். மதுரைக்கு ரெண்டு பஸ்சு மாறிப் போனேன். வார்டு வாசல்ல நின்ன ஆளு, பாஸ் எங்கன்னு கேட்டான். பாஸ் இல்ல. கவுண்டர்ல போயி வாங்கிட்டு வாங்கன்னான். கவுண்டர்ல கூட்டம். ரூலுன்னா ரூலுதான, நான் என்ன சண்டையா போட முடியும்? கொண்டு போன ஆரஞ்சுப் பழத்த அந்த ஆள்கிட்டயே குடுத்துட்டு வந்துட்டேன். சேர்த்தானோ தின்னானோ.

கால்ல கம்பி வச்சாக. சரியாகல. சீழு புடிச்சு, மறுபடி அறுத்து, மறுபடி வச்சு, நாலு மாசம்.

பங்குனியில ஒரு நாளு, வெயிலு கொளுத்துது, ஒரு ஆட்டோ வந்து நிக்குது. அண்ணே எறங்குது. ரெண்டு கக்கத்துலயும் கட்டை. பாதி ஆளா ஆயிருச்சு. முன்னால ரெண்டு பேரு நிக்கிறாக, அண்ணே அவுகளுக்குப் பின்னால வரிசையில நிக்குது. கட்டையில சாஞ்சுக்கிட்டு. மொறை வந்துச்சு. சட்டைப் பையிலருந்து மூணு பத்து ரூவாத் தாள எடுத்துச் சன்னல் பலகை மேல வச்சுச்சு. "ஒண்ணு"ன்னுச்சு.

ரெண்டு வருசத்துக்குப் பெறகு எங்கிட்டப் பேசுன மொத வார்த்தை சார். ஒண்ணு.

நான் என்ன சொல்லியிருக்கணும்? ஓடிப் போயிக் காலப் பிடிச்சிருக்கணும். அழுதிருக்கணும். "உள்ளூர்க்காரங்களுக்கு டிக்கெட்டு இல்ல"ன்னேன்.

"நான் வெளியூரு"ன்னுச்சு.

வாங்கிக்கிட்டேன். என்ன செய்ய? காச வாங்கி, டிக்கெட்டுக் கிழிச்சு, வில்லைய எடுத்துக் குடுத்தேன். நாப்பத்தொண்ணாம் நம்பரு. வாங்கி உள்ளங்கையில வச்சுப் பாத்துச்சு. மேல எப்பிடிப் போகும்? போகல. நீங்க உக்காந்திருக்கீங்களே, அந்தப் பெஞ்சுலதான் உக்காந்துச்சு. பாதையப் பாத்தே உக்காந்திருந்துச்சு. மத்தியானம் போச்சு, சாயங்காலம் ஆச்சு. மோரு கொண்டு போயிக் குடுடான்னு மாயன அனுப்புனேன். குடிச்சுச்சு. அஞ்சு மணிக்கு ஆட்டோ வந்துச்சு. ஏறிப் போயிருச்சு.

வில்லையக் குடுக்கல.

மறந்து கொண்டு போயிருச்சுன்னு நெனச்சு, மாயன வீட்டுக்கு அனுப்புனேன். அவன் போயி, "அண்ணே, வில்லைய வாங்கிட்டு வரச் சொன்னாக, கேட்டப் பூட்டணும்"னு கேட்டிருக்கான். எங்கண்ணே கட்டில்ல படுத்துக்கிட்டே சொல்லியிருக்கு.

"நான் இன்னும் எறங்கலன்னு போயிச் சொல்லு."

மாயன் வந்து அப்பிடியே சொன்னான். பச்சப் பிள்ள மாதிரி ஒரு எழுத்து மாத்தாமச் சொன்னான்.

வாங்க சார், உள்ள எட்டிப் பாருங்க. தெரியுதா? அஞ்சாவது வரிசையில மொத ஆணி. அஞ்சு மாசமாக் காலி. ரேஞ்சர் ஐயாகிட்டச் சொன்னேன். தொலஞ்சு போன வில்லைக்கு இவ்வளவு பேச்சான்னு, அதே நம்பருல புதுசா ஒண்ணு அடிச்சுக் குடுத்தாரு. அந்தா மேசை டிராயர்ல கெடக்கு. மாட்டல. எப்பிடி மாட்டுறது? ஆளு எறங்கலையே. சாயங்காலமானா மாயன் விசில எடுத்துக்கிட்டு என்னயப் பாப்பான். நான் பலகையப் பாப்பேன். அப்பறம் சரி ஊதுடாம்பேன். அவன் ஊதுறப்ப நான் ரெண்டு காதையும் பொத்திக்குவேன் சார். தினமும். ஒருநாளு விடாம.

எனக்கு என்ன கோவம்னா, அண்ணே வேணும்னே பண்ணுது. நான் ரூலுப் பாக்குறவள்னு தெரிஞ்சு பண்ணுது. ஒரு வில்லைய வச்சுக்கிட்டு என்னயத் தினமும் சாகடிக்குது. வில்லைய வாங்கிட்டு வாடான்னு மாயன எட்டுத் தடவ அனுப்பிட்டேன். நானே ஒரு சீட்டும் எழுதிக் குடுத்து விட்டேன், வனக்குழு முத்திரை போட்டு. எல்லாத்துக்கும் ஒரே பதிலுதான்.

நீ நேரா ஏன் போகலன்னு கேக்க மாட்டீங்கன்னு நெனச்சேன். எல்லாரும் அதையே கேக்குறீங்க. கேட்ட யாரு பாப்பா? ஆளு மேல இருக்கப்ப கேட்ட விட்டுப் போகக் கூடாது. அது ரூலு. ஒரு ஆணி காலியாக் கெடக்கப்ப நான் எப்பிடிப் போறது?

சிரிக்கிறீங்களா? இல்ல, சிரிக்கலையா. சரி.

திங்கக்கெழம மதினி வந்துச்சு. கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்னுச்சு, உள்ள வரல. காலு இனிமே தேறாதாம். முழங்காலோட எடுத்துறணும்னு டாக்டரு சொல்லிட்டாராம். வியாழக்கெழம காலையில ஆறு மணி பஸ்சுக்குப் போறாகளாம். நாளைக்குத்தான் சார். "சொல்லணும்னு தோணுச்சு, சொல்லிட்டேன்"னுச்சு. போகத் திரும்புச்சு. அப்பறம் நின்னு இன்னொண்ணும் சொல்லுச்சு.

"அன்னிக்கு ஞாயித்துக்கெழம கஞ்சி குடிச்சுட்டு எந்திரிக்கிறப்ப, இன்னிக்கு அவகிட்ட வில்லை வாங்கிட்டுத்தான் மேல போவேன்னு சொல்லிட்டுத்தான் வந்தாரு பவுனு. என்ன இருந்தாலும் எந்தங்கச்சி குடுக்குறது, வாங்குனா என்ன கொறஞ்சு போயிருவேன்னு. நீ குனிஞ்ச தலை நிமிரலையாம்."

தண்ணி கேக்க வந்துச்சுன்னு நெனச்சேன் சார் நான்.

இல்ல. நெனைக்கல. அதையும் சொல்லிர்றேன், நீங்க யாரோ எவரோ, இன்னிக்குப் போனா இனிமே வரப் போறதில்ல. தண்ணிக்கு இல்லைன்னு எனக்கு அப்பவே தெரியும். சன்னல் பலகை மேல கைய எப்பிடி வச்சிருந்துச்சு தெரியுமா? விரிச்சு, உள்ளங்கை மேல பாக்க. இந்தா, இப்பிடி. தண்ணி கேக்குறவன் இப்பிடியா வைப்பான்? எனக்கு எம் மக மனையில அழுதது ஞாபகத்துக்கு வந்துச்சு. கெடக்கட்டும், கொஞ்சம் நிக்கட்டும்னு நெனச்சேன். ஒரு டிக்கெட்டுக் கிழிக்கிற நேரம். இன்னொரு டிக்கெட்டுக் கிழிக்கிற நேரம். நிமிந்து குடுத்துரலாம்னுதான் இருந்தேன். போயிருச்சு.

இருங்க. மூக்கச் சிந்திக்கிறேன். ஒண்ணுமில்ல.

அந்தா மாயன் வந்துட்டான். ஏய், புகார் புத்தகத்தச் சாருக்குக் குடு. என்னது? மணி ரெண்டேகாலா? அடப்பாவி, ரெண்டு மணிக்கு மேல யாரையும் விடக் கூடாதே. சார், மன்னிச்சுக்குங்க. பேச்சு வாக்குல உங்க நேரம் போயிருச்சு. இனிமே காசு குடுத்தாலும் நான் விட முடியாது. எழுதுங்க, தாராளமா எழுதுங்க, பேசிப் பேசியே நேரத்தக் கடத்திட்டாள்னு. இப்ப எழுதுனா அது நியாயம்.

எழுதலையா? ஏன்? அப்ப கெளம்புறீங்களா?

இன்னிக்கு மழை மேகம்னு ஒருத்தரும் வரல சார். நீங்க ஒருத்தர்தான். நீங்களும் போகல. அப்ப மேல யாரும் இல்ல. அந்த ஒத்த ஆணிதான் பாக்கி.

மாயா, கேட்டப் பாத்துக்கடா. அஞ்சரைக்கு நீயே பூட்டிரு. விசிலு... விசில் வேணாம். இன்னிக்கு ஊதாத.

சார், ஒரு நிமிசம். கார் அந்தப் பக்கந்தான போகுது? மேலக்காமனூரு, மூணு கிலோமீட்டரு, ரோட்டு மேலயே எங்கண்ணே வீடு, பச்சைக் கதவு. என்னயக் கொஞ்சம் அங்க எறக்கி விட முடியுமா? நடந்து போனா ஆகாது சார். நேத்தும் நடந்துதான் போனேன், முந்தாநேத்தும் நடந்துதான் போனேன். ரெண்டு நாளும் பச்சைக் கதவு கண்ணுக்குத் தெரியிற வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துட்டேன். நீங்க நிறுத்தாம நேரா வாசல்ல கொண்டு போயி நிறுத்துங்க. நான் வேணாம்னு சொன்னாலும் திருப்பாதீங்க.